நக்குவதெல்லாம் பாசமா?

எங்கள் வீட்டு மணி நாட்டுநாய். நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் முழங்கால்வரை ஈரமாக்கிவிடுவான். "எவ்வளவு பாசம் பார்!" என்பார் அம்மா. அதில் பாதி, வேர்த்த காலின் உப்பு. மீதி நாங்கள் பழக்கியது. "சீ, போடா" என்று சிரித்துக்கொண்டே தள்ளினால் அவனுக்கு அதுவும் கொஞ்சல்தான். இப்போது பேசாமல் எழுந்து போய்விடுகிறேன். அமைதியாக உட்கார்ந்தால்தான் தலையைத் தடவுவேன். அம்மாதான் இன்னும் ஒத்துழைக்கவில்லை.

தன் காலையே நக்குவது வேறு கதை. போன மழைக்காலத்தில் முடி உதிர்ந்து தோல் சிவக்கும்வரை முன்னங்காலை நக்கினான். அதட்டிக்கொண்டே இருந்தோம். மருத்துவர் விரலிடுக்கை விரித்துக் காட்டினார்: உண்ணி. அரிப்பில் தவித்த பிராணியையா அதட்டினோம் என்று கூசியது. இப்படி நக்குவதற்குக் காரணம் ஒவ்வாமை, மூட்டுவலி, பகலெல்லாம் சங்கிலியில் கிடக்கும் சலிப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். அதைத் தேடாமல், நக்க முடியாதபடி கழுத்தில் கூம்பு மாட்டி என்ன பயன்?

ஒன்றில் மட்டும் நான் கறார். நம் புண்ணை நக்க விடக்கூடாது. ரேபிஸ் எச்சிலில் பரவுவது; காயத்தில் நாய் நக்குவதை உலக சுகாதார நிறுவனம் ரத்தம் வரக் கடிப்பதோடு சேர்த்து, மிகத் தீவிரமான மூன்றாம் வகையில் வைத்திருக்கிறது. மணிக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுகிறோம். ஆனாலும் அம்மாவின் குதிகால் வெடிப்புக்குச் சாயங்காலமானால் காலுறை மாட்டிவிடுகிறேன்.