வாடகை முன்பணமும் மொய் விருந்தும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் முதலிய ஊர்களில், பந்தல்களுக்கு ஓய்விராது. மணமக்கள் இல்லாமலே அழைப்பிதழ் அச்சாகும். கறிவிருந்து உண்டு எழுந்தவர்கள் மொய் எழுதுபவர் முன் நின்று பெயரையும் ஊரையும் சொல்லித் தொகையைக் கொடுக்க, அது நோட்டில் ஏறும். வாங்கியவர், கொடுத்தவர் விருந்து வைக்கும் காலத்தில் வாங்கியதைத் திருப்பி, மேற்கொண்டு தம் பங்காகவும் சிறிது செய்தாக வேண்டும். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது, வட்டி என்ற பேச்சே கிடையாது. சிறுகச் சிறுகச் சேர்க்க இயலாத பெருந்தொகையை ஊரார் கூடி ஒரே நாளில் ஒருவர் கையில் வைத்து, அவர் தொழில் தொடங்கவோ, பிள்ளையைப் படிக்க வைக்கவோ, கடனை அடைக்கவோ துணை நிற்கும் இந்த ஏற்பாட்டை, நமது கிராமத்து ஜனங்கள் எந்தப் பொருளாதார சாஸ்திரத்தையும் படித்துக் கண்டுபிடிக்கவில்லை.

அதே மாவட்டத்தின் தலைநகரில், 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்த புதுக்கோட்டையில், கீழராஜ வீதி ஜவுளிக்கடை ஒன்றில் காலை முதல் இரவு வரை நின்று வேலை செய்யும் ஒரு பெண், தன் குடும்பத்துக்கு ஓர் அறையும் சமையற்கட்டும் உள்ள வீடு தேடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 4,000 ரூபாய். அதை அவளால் கொடுக்க முடியும், இத்தனை ஆண்டுகளாகத் தவறாமல் கொடுத்தும் வந்திருக்கிறாள். ஆனால் வீட்டுக்காரர் கேட்கும் அட்வான்ஸ் 30,000. அந்தத் தொகை அவள் வாழ்நாளில் ஒருசேரக் கையில் இருந்ததில்லை. ஆகவே காதுத்தோடும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போகின்றன. அவையும் ஏற்கெனவே போயிருந்தால், மூன்று வட்டிக்குக் கடன். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் முப்பதாயிரத்துக்கு மாதம் 900 ரூபாய் வட்டி. வீட்டுக்காரரிடம் வட்டியில்லாமல் கிடக்கும் பணத்துக்காக, இவள் வாடகையில் கால் பங்குக்குச் சற்றுக் குறைந்த தொகையை வேறொருவருக்கு மாதந்தோறும் கட்டுகிறாள். 4,000 ரூபாய் வாடகை வீடு, ஏழைக்கு 4,900 ரூபாய் வீடாகிறது. வசதியுள்ளவருக்கு மட்டும் அது 4,000 ரூபாயாகவே இருக்கிறது.

சட்டம் இதை அறியாமலில்லை. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. அது ஏட்டிலேயே இருந்தது. அதன் இடத்தில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், மூன்று மாத வாடகையை உச்சவரம்பாக வைத்து, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடிக்க வேண்டிய பாக்கியைப் பிடித்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது. ஆயினும், வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய என்ற வாசகத்தையும் அதே பிரிவு உடன் சேர்த்துக்கொண்டிருக்கிறது. குடியிருக்க இடமில்லாமல் நிற்பவள் எந்த ஒப்பந்தத்துக்குத்தான் சம்மதிக்கமாட்டாள்? அந்தச் சொற்களை நீக்காதவரை அந்த வரம்பு வரம்பாகாது என்பதே என் அபிப்பிராயம்.

வீட்டுக்காரர்களை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமாகாது. நமது ஊர்களில் வாடகைக்கு விடுபவர்களில் பலர், ஓய்வூதியத்தோடு அந்த ஒரு வாடகையையும் நம்பி ஜீவனம் நடத்துபவர்கள். வாங்கிய முன்பணம் மகள் கல்யாணத்துக்கோ ஓட்டு மாற்றவோ எப்போதோ செலவாகியிருக்கும். புதிதாகக் குடிவருபவர் தரும் பணத்தைத்தான் காலி செய்பவருக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள். இதனால் ஏற்படும் சங்கடம் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. பழைய வீட்டுப் பணம் கைக்கு வருமுன் புதிய வீட்டுக்குக் கொடுத்தாக வேண்டும்; அந்த இடைவெளி சில வாரங்களே ஆனாலும், அந்தச் சில வாரங்களுக்காக வாங்கிய கடன் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையும் பிடித்துக்கொள்ளப்பட்டால், வந்த பணம் வாங்கிய கடனுக்குப் போதாது.

மொய் நோட்டு இப்படி வீடு தேடுபவளுக்கு உதவாதா என்றால், உதவாது. விருந்து வைத்து மொய் வாங்குவதற்கு முன் பல ஆண்டுகள் பிறர் விருந்தில் செய்திருக்க வேண்டும். பங்காளிகளும் தென்னந்தோப்பும் உள்ள ஊரில் வேரூன்றியவருக்கு அது சாத்தியம். ஆவுடையார்கோவிலிலிருந்தோ கந்தர்வகோட்டையிலிருந்தோ பிழைப்புக்காக நகருக்கு வந்து, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்ப்பவளின் பெயர் எந்த நோட்டிலும் இல்லை.

ஆதலால் அந்த நோட்டை மாநகராட்சி திறக்க வேண்டும். முன்பணம் செலவாகித் தீரும் பணமன்று, என்றோ திரும்பி வரவேண்டிய பணம் என்பதால், ஏழைகளுக்குச் செய்யக்கூடிய சகாயங்களில் சர்க்காருக்கு மிகக் குறைந்த நஷ்டம் தருவது இதுவாகவே இருக்கும். மூன்று மாத வாடகையான 12,000 ரூபாய் வீதம் 500 குடும்பங்களுக்குக் கொடுக்க 60 லட்சம் போதும். தொகையை நேரே வீட்டுக்காரரிடம் கொடுத்து, குடும்பம் மாதம் ஆயிரமாகத் திருப்பிக் கட்டினால், பன்னிரண்டு மாதத்தில் அதே பணம் வேறு 500 வாசல்களுக்குப் போகலாம். பணம் பெறுவதற்கு வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும், சட்டம் சொன்ன மூன்று மாத வாடகைக்கு மேல் அதில் முன்பணம் இருக்கலாகாது என்று நிபந்தனை விதித்தால், இன்று ஏட்டில் உறங்கும் வரம்பு தானாகவே உயிர் பெறும். பிரான்ஸில் லோகா-பாஸ் என்ற பெயரில், வாடகை முன்பணத்துக்கு 1,200 யூரோ வரை வட்டியில்லாமல் கடன் தந்து, 25 மாதங்கள் வரை தவணையில் பெற்றுக்கொள்கிறார்கள்; அதற்கான நிதியில் முதலாளிகளின் பங்களிப்பு உண்டு. நமது ஜவுளிக்கடைகளும் விராலிமலைத் தொழிற்சாலைகளும் தங்கள் தொழிலாளருக்காக இதில் ஒரு பங்கு ஏற்பதை யாரும் அநியாயம் என்று சொல்லமாட்டார்கள்.

ஏழைக்குக் கொடுத்தால் திரும்பாது என்பவர்களுக்கு இந்த மாவட்டத்தின் வரலாறே பதிலாக இருக்கிறது. 1991-இல் தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது, கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றால் போதாது, சைக்கிள் வாங்கவும் வேண்டும் என்று அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் வங்கிகளை நெருக்கிக் கடன் கொடுக்கச் செய்தார். பெரிய நிலபுலன் எதுவும் காட்டமுடியாத பெண்கள் அந்தச் சைக்கிள்களில் ஏறி வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் போனார்கள். நம்பிக்கை வைத்துத் தொடங்கிய காரியம் அது.

ஆடியில் எவரும் குடிபோவதில்லை. விருந்துப் பந்தல்கள் நிறைந்திருக்கும் அந்த மாதத்தில் வாடகை வீடுகளின் கதவுகள் அசைவதில்லை. ஆவணி பிறந்ததும் வீடு தேடிக் குடும்பங்கள் தெருத்தெருவாக அலையத் தொடங்கும். அதற்கு முன் மாமன்றத்தில் இந்த நிதிக்கு ஒரு தீர்மானம் கொண்டுவருமாறு, புதுக்கோட்டையின் மேயரையும் உறுப்பினர்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.