டம்ளரில் பிறக்கும் தாளம்

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் தட்டத் தொடங்கிவிட்டால், தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் தெருவில் ஓடியாட முடியாது. கூடத்திலும் திண்ணையிலும்தான் அடைந்து கிடக்க வேண்டும். ஓட்டின் மேல் மழை ஒரு தாளம் போடும். உள்ளே ஒரு பிள்ளை அதற்குப் பதில் தாளம் போடும், எவர்சில்வர் டம்ளரில், தண்ணீர்க் குடத்தில், சில சமயம் தம்பியின் முதுகில்!

உடனே அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரும். தட்டுவது பையன் என்றால், "ஏல, சும்மா இருல!" என்பதோடு போய்விடும். பெண்ணாக இருந்தால் ஒரு வாக்கியம் அதிகம்: "ஏட்டி, பொம்பளைப் பிள்ளைக்கு என்ன கொட்டு வேண்டிக் கிடக்கு?"

இந்த வாரம் அந்த அதிகப்படி வாக்கியத்தைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

தென்காசிச் சீமையில் கொட்டுக்கு என்ன பஞ்சம்? கோவில் கொடை வந்துவிட்டால் நையாண்டி மேளத்தில் தவிலும் பம்பையும் உறுமியும் முழங்கும். கணியான் கூத்தில் உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். வில்லுப்பாட்டிலோ உடுக்கை, ஜால்ரா, குடம் எல்லாம் உண்டு. ஆம், நம் வீட்டுக் குடத்தின் உறவுக்காரரான அதே மண் குடம்தான்!

வில்லுப்பாட்டில் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். கதையைப் பாடுகிறவரேதான் வீசுகோலால் வில்லைத் தட்டுகிறார். வாயும் கையும் ஒரே ஆளிடம். கன்னியாகுமரிக்குப் பக்கத்திலுள்ள கொட்டாரத்தைச் சேர்ந்த பூங்கனி அம்மாள் (1934-2018) சிறுமியாக இருக்கும்போதே இந்தக் கலைக்கு வந்து, தென் மாவட்டக் கோவில்களிலெல்லாம் வில்லடித்துப் பாடியவர். ஒரு பெண் கோலெடுத்துத் தட்டியதால் எந்தச் சாமியும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வாயும் கையும் சேர்ந்து கற்கும் இந்தப் பாடம் நமக்கு மட்டும் சொந்தமா என்று பார்த்தால், அமெரிக்காவிலும் அதே கதைதான்.

ஜாஸ் என்ற சங்கீதத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்கக் கறுப்பு மக்களிடையே, நியூ ஆர்லியன்ஸ் நகரில் வளர்ந்தது. நம் வித்வான்கள் மேடையிலேயே கற்பனை ஸ்வரம் பாடுவதுபோல, அவர்களும் வாசிக்க வாசிக்கவே புதிது புதிதாகக் கற்பனை செய்வார்கள். அதில் டிரம் வாசிப்பவர் பாடு பெரும்பாடு. இரண்டு கை, இரண்டு கால், நான்குக்கும் நான்கு வேலை!

பாஸ்டன் நகருக்குப் பக்கத்து ஊரான மெட்ஃபோர்டில் 1965-ல் டெரி லின் காரிங்டன் என்ற பெண் குழந்தை பிறந்தது. தகப்பனார் சாக்ஸபோன் வாசிப்பவர். தாத்தா ஒரு டிரம் கலைஞர். அந்தத் தாத்தாவின் டிரம் ஏழு வயதில் பேத்தியின் கைக்கு வந்து சேர்ந்தது. "இது பையன்கள் சமாசாரம்" என்று வீட்டில் யாரும் அதைப் பரண்மேல் ஏற்றவில்லை. பதினோராவது வயதில், பாஸ்டனிலுள்ள பெர்க்லி சங்கீதக் கல்லூரி அவளுக்கு முழு உபகாரச் சம்பளம் கொடுத்தது. நம் ஊரில் ஆறாம் வகுப்புப் படிக்கும் வயது!

அவளுக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் ஆலன் டாசன் என்பவர் ஒருவர். இவருடைய மற்றொரு சிஷ்யர் டோனி வில்லியம்ஸ், பதின்மூன்று வயதில் தொழில்முறை வாசிப்புக்கு வந்து, 1963-ல் பதினேழே வயதில் மைல்ஸ் டேவிஸ் என்ற மாமேதையின் குழுவில் இடம்பிடித்தவர். டாசன் வாத்தியாரின் சிட்சை முறை வேடிக்கையானது. கை அப்பியாசம் செய்துகொண்டே பாட்டின் மெட்டை வாய்விட்டுப் பாட வேண்டும்! பாட்டு எங்கே போகிறது என்று தெரியாத கை, வெறும் சத்தம்தான் போடும் என்பது இதன் தாத்பரியம். மேல்நாட்டு டிரம் பாடத்தில் 'பாராடிடில்' என்று ஓர் அடிப்படைப் பயிற்சி உண்டு. வலம்-இடம்-வலம்-வலம். பெயரைச் சொல்லிப் பாருங்கள், பா-ரா-டி-டில். பெயரே சொற்கட்டு! நம் 'தகதிமி'க்கு அது தூரத்து ஒன்றுவிட்ட தங்கை.

இனி நம் சென்னைக்கு வருவோம். விரலில் காயம்பட்டு மேடை வாசிப்பை விட நேர்ந்த மிருதங்க வித்வான் டி. ஆர். ஹரிஹர சர்மா, 1958-ல் ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்ய வித்யாலயத்தைத் தொடங்கினார். அவருடைய மகன்தான் கடம் விக்கு விநாயக்ராம். 1957-ல் தூத்துக்குடியில் ராமநவமிக் கச்சேரியில் அரங்கேறிய இவர், பிற்பாடு ஜாஸ் கிடார் கலைஞர் ஜான் மெக்லாக்லினுடன் 'சக்தி' குழுவில் வாசித்து, மண் குடத்தை உலகம் சுற்றவைத்தார்.

அந்த வித்யாலயத்துக்கு வயலின் கற்றுக்கொள்ளச் சென்றாள் ஒரு சிறுமி. மாயவரத்தில் 1957-ல் பிறந்த சுகன்யா. பக்கத்து வகுப்பிலிருந்து வந்த மிருதங்க ஒலி அவளை இழுத்துக்கொண்டது. மிருதங்கம் கற்றாள். பிறகு கடத்தின்மேல் ஆசை வந்தது. விநாயக்ராம் தயங்கினார். கெட்டியான மண் பானை ஆயிற்றே, பெண் பிள்ளையின் விரல் தாங்குமா? அந்தத் தயக்கத்தில் அக்கறையும் இருந்திருக்கலாம். ஆனால் பெரியவர் ஹரிஹர சர்மா, "நான் சொல்லித் தருகிறேன்" என்று முன்வந்தார். அந்த ஒரு சம்மதத்தில்தான் சுகன்யா ராம்கோபால் என்ற கடக் கலைஞர் உருவானார்.

வழி மல்லிகைப்பூ விரித்ததாக இல்லை. பெண் கடம் வாசிக்கும் மேடையில் தாங்கள் வாசிக்க முடியாது என்று ஒதுங்கியவர்களும் உண்டு. அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. 1995-ல் பெண்களையே சேர்த்து 'ஸ்த்ரீ தாள் தரங்' என்ற குழுவை அமைத்தார். 2014-ம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருது அவரைத் தேடி வந்தது. அதே 2014-ல் டெரி லின் காரிங்டனும் ஜாஸ் வாத்திய இசைத்தட்டுக்கான கிராமி பரிசைப் பெற்றார். அந்தப் பிரிவில் பரிசு வாங்கிய முதல் பெண் அவர்.

இரண்டு பெண்கள், இரண்டு தேசங்கள். ஒருத்திக்குத் தாத்தாவின் டிரம், மற்றொருத்திக்குத் தாத்தா வயதுக் குரு. இருவருக்கும் திறமை இருந்தது, உண்மைதான். ஆனால் சரியான சமயத்தில் "வேண்டாம்" என்று சொல்லாத ஒரு பெரியவரும் இருந்தார். அவர் இல்லாத வீடுகளில் எத்தனை தாளங்கள் டம்ளரோடு நின்று போயினவோ, அதை யார் கணக்கெடுத்தார்கள்?

சரி, நம் வீட்டில் என்ன செய்யலாம்? முதல் நாளே கடைக்கு ஓடி வாத்தியம் வாங்காதீர்கள். கைக்காசும் போகும், பக்கத்து வீட்டுச் சிநேகிதமும் போகும்! தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து. பிள்ளை இதை வாயால் சொல்லித் தொடையில் தட்டட்டும். முதலில் மெதுவாக, அப்புறம் இரட்டிப்பு வேகத்தில். கணக்குத் தப்பாமல் வருகிறதா என்று காய் நறுக்கிக்கொண்டே நீங்கள் கேட்கலாம். செலவு ஒரு பைசா இல்லை. சில மாதம் கழித்தும் ஆசை ஆறாமல் இருந்தால் நல்ல வாத்தியாரைத் தேடுங்கள். மேல்நாட்டு டிரம் என்றால், சத்தம் எழுப்பாத ரப்பர் பலகையில் பழகுவது வழக்கம். பெரிய டிரம்முக்கு மாறும்போது காதுக்குப் பாதுகாப்பும் அவசியம்.

வித்வானாவதும் ஆகாததும் பிள்ளையின் உழைப்பையும் வேளையையும் பொறுத்தது. தட்டுகிற கை மகனுடையதா, மகளுடையதா என்று பார்க்காமல் இருப்பது மட்டும் நம் கையில்தான் இருக்கிறது.