மேகத்துக்கும் சட்டம் வேண்டும்

வானிலையை மாற்றும் நோக்கில் வளிமண்டலத்தில் ரசாயனங்களைத் தூவுவதற்கு அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2024-லும், ஃபுளோரிடா 2025-லும் தடை விதித்தன. விமானங்கள் விட்டுச்செல்லும் வெண்கோடுகள் குறித்த ஆதாரமற்ற அச்சமும் இத்தடைகளுக்குப் பின்னணியாக இருந்தது. இந்தியாவின் சிக்கல் வேறு. இங்கு மேக விதைப்பை நடத்துவதே மாநில அரசுகள்தான்; அதை நெறிப்படுத்தத்தான் தனிச் சட்டம் இல்லை.

கர்நாடகம் 2003-ல் 'வருணா', 2017-ல் 'வர்ஷதாரி' என்கிற பெயர்களில் விமானம் மூலம் மேக விதைப்பு நடத்தியது. தமிழகமும் 1980-களில் இம்முயற்சியில் இறங்கியதுண்டு. புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் சோலாப்பூரில் 2018, 2019-ம் ஆண்டுகளில் நடத்திய ஆய்வில், சராசரியாக 18 சதவீதம் கூடுதல் மழை கிடைத்ததாகக் கண்டறிந்தது. ஆனால், 2025 அக்டோபர் 28-ல் தில்லியில் நடந்த சோதனை, மேகங்களில் போதிய ஈரப்பதம் இல்லாததால் மழை தரவில்லை. மேக விதைப்பு, பொழியக்கூடிய மழையைச் சற்றே கூட்டலாம். இல்லாத மேகத்தை உருவாக்காது.

தமிழகம் இதைக் கவனிக்கக் காரணம் உண்டு. மைசூரு அருகிலுள்ள கிருஷ்ணராஜசாகர் அணையும், மைசூரு மாவட்டத்தின் கபினி அணையும் நிரம்பினால்தான் மேட்டூருக்கு நிம்மதி. தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி நீர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாளை வறட்சிக் காலத்தில், செயற்கை மழையால் வந்த நீர் தனக்கே உரியது என்று ஒரு மாநிலம் வாதிட்டால் என்ன பதில்? தன் வயலுக்கு வரவேண்டிய மழையை மற்றொரு மாநிலம் பறித்துவிட்டது என்று உழவர் ஐயுற்றால், உண்மையைச் சொல்லப்போவது யார்?

வானிலை மாற்றத்தைப் பகைமை நோக்கில் பயன்படுத்தத் தடை விதிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் 1978 முதல் இந்தியா உறுப்பு நாடு. நாடுகளுக்கிடையே உள்ள இந்தக் கட்டுப்பாட்டுக்கு இணையான ஒன்று மாநிலங்களுக்கிடையே இல்லை. நீர் மாநிலப் பட்டியலில் இருப்பினும், பல மாநில நதிகளை முறைப்படுத்துவதும் வானிலை அமைப்புகளும் மத்தியப் பட்டியலில்தான் உள்ளன. வானிலை மேலாண்மை ஆய்வையும் உள்ளடக்கிய ரூ. 2,000 கோடி 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு 2024-ல் ஒப்புதல் அளித்த மத்திய அரசுக்கு, சட்டமியற்றும் கடமையும் உண்டு.

தேவை தடையன்று, ஒழுங்குமுறை. முன் அனுமதி, அண்டை மாநிலங்களுக்கு முன்னறிவிப்பு, தூவிய பொருள், அளவு, செலவு குறித்த வெளிப்படையான கணக்கு, அரசு சாராத வல்லுநர்களின் மதிப்பீடு ஆகியவை கட்டாயமாக்கப்பட வேண்டும். ஆற்று நீருக்கு விதி வகுக்கத் தாமதித்ததன் விலையைக் காவிரிப் படுகை பல்லாண்டுகளாகக் கொடுத்துவருகிறது. மேகத்திலும் அந்தத் தவறு தொடரலாகாது.