பரிவுக்கு எத்தனை கருத்து?

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற எவரையும் நிறுத்தி, பரிவு என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். தொகுதியின் இயற்கை மீடிறன், புறவிசையின் மீடிறன், இரண்டும் சமமாகும்போது வீச்சம் உச்சம் என்று மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். "சரி, அதுக்கு ஏன் பரிவு எண்டு பேர் வச்சாங்க?" என்று அடுத்ததாகக் கேளுங்கள். முழிதான் பதில். பிழை அவர்களுடையது இல்லை. அதை ஒருத்தரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பாஸ் பேப்பரில் அது வருவதுமில்லை.

ஒரு இசைக்கவையைத் தட்டி, அதே மீடிறன் உள்ள இன்னொரு இசைக்கவைக்குக் கிட்டக் கொண்டுபோனால், தொடாமலேயே மற்றதும் அதிரும். ஒருத்தி அழுதால் பக்கத்தில் இருக்கிறவளுக்கும் கண் கலங்குமே, அது மாதிரி. ஆனால் எல்லாரும் கலங்குவதில்லை. அதே சுருதியில் இருக்கிற ஆளுக்குத்தான் அது பிடிபடும். பரிவு என்ற சொல்லை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து வைத்தவருக்கு இசையும் தெரிந்திருக்க வேணும், மனுசரையும் தெரிந்திருக்க வேணும் என்று எங்களுக்குப் படுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். அது துல்லியமான சொல், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பரிவு என்று சொல்லும்போது சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறது. சிதாரில் விரல் படாமலேயே அதிரும் அடித் தந்திகளை ஆங்கிலத்திலும் 'அனுதாபத் தந்திகள்' என்ற கருத்தில்தான் சொல்கிறார்கள்.

இதை எழுதக் காரணம், எங்களைச் சுற்றி அடிக்கடி கேட்கிற ஒரு வாதம். தமிழில் ஒரு சொல்லுக்கு நாலு கருத்து இருக்கிறது, அதனால் அது விஞ்ஞானத்துக்குச் சரிவராது, பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலேயே ஆங்கில மொழிமூலத்துக்கு மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். ஆங்கிலம் படிக்கத்தான் வேணும், அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. கம்பஸுக்குப் போனால் விஞ்ஞான பீடத்தில் எல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் காரணம் பிழை. ஆங்கில விஞ்ஞானம் மட்டும் வானத்தில் இருந்து விழுந்த சொற்களையா வைத்திருக்கிறது? 1665இல் ரொபர்ட் ஹூக் தக்கைத் துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது தெரிந்த சின்னச் சின்ன அறைகளுக்கு அவர் வைத்த 'செல்' என்ற பெயர், சிறிய அறையைக் குறிக்கிற பழைய சொல். துறவிகள் இருந்த அறையும் அதேதான், மறியற்சாலை அறையும் அதேதான். இலங்கையில் அதைக் கலம் என்றார்கள். சோறு வைக்கிற பாத்திரமும் கலம், கடலில் போகிற மரக்கலமும் கலம், சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற மின்கலமும் கலம். எல்லாம் உள்ளே எதையோ வைத்துக் காக்கிற பொருட்கள். உயிர்க்கலம் என்று கேட்ட பிள்ளைக்கு, சுற்றிவர ஒரு சுவர், உள்ளே ஏதோ இருக்கிறது என்பதாவது படம் வரையாமலே விளங்கும்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எங்கட பாடநூலில் கதி வேறு, வேகம் வேறு. கதிக்குத் திசை இல்லை, வேகத்துக்குத் திசை உண்டு. தமிழ்நாட்டில் வேகம் என்றால் திசை இல்லாதது. திசை உள்ளதைத் திசைவேகம் என்பார்கள். எங்கட ஆர்முடுகல் அங்கே முடுக்கம், எங்கட மீடிறன் அங்கே அதிர்வெண். இப்ப சோதனைக்கு முதல் நாள் இரவு யூடியூப்பில் சென்னை ஆசிரியர் ஒருவரின் வகுப்பைப் பார்க்கிற களுவாஞ்சிக்குடிப் பெட்டையின் நிலைமையை யோசியுங்கள். வேகம் என்று அவர் சொல்லும்போது இவள் திசையோடு எழுதுவாள். புள்ளி போகும். இதற்கு ஆங்கிலத்துக்கு மாறத் தேவையில்லை. இரண்டு கரைச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தாள் அடித்துக் கொடுத்தால் போதும். அந்தத் தாள் ஒவ்வொரு பிள்ளையின் கொப்பிக்குள்ளும் இருக்க வேணும் என்பது எங்கட முதல் கோரிக்கை.

கதி என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் பின்தொடர்ந்தால் சுவாரசியம். சங்கீத வகுப்பில் திஸ்ர கதி, கண்ட கதி. தாளம் மாறாமல் ஒரு அட்சரத்துக்குள் எத்தனை அடி விழுகிறது என்ற கணக்கு. ஒரு விநாடிக்குள் எத்தனை மீற்றர் என்று கேட்கிற பௌதிகக் கதிக்கு இது ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. ஆர்முடுகலுக்குள் ஒளிந்திருக்கிற முடுகும் அப்படித்தான். சந்தப் பாட்டில் ஓசை விறுவிறு என்று ஓடுகிற பகுதிக்கு முடுகு என்று பெயர். பாட்டில் முடுகு வரும்போது கேட்கிற ஆளுக்குக் கால் தானாக ஆடுமே, அதுதான் ஆர்முடுகல். மீடிறன்? மீள் + திறன். திரும்பத் திரும்ப வருகிற திறன். புணர்ச்சி விதி படித்த பிள்ளைக்கு மீடிறனை யாரும் மனப்பாடம் பண்ணிக் கொடுக்கத் தேவையில்லை. தமிழ்ப் பாட ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஓய்வறையில் ஒரே மேசையில்தான் தேநீர் குடிக்கிறார்கள். ஆனால் இந்தச் செய்தி மட்டும் மேசையைத் தாண்டி மற்றப் பக்கம் போகிறதில்லை.

இந்த மேசைகளை எல்லாம் ஒன்றாகப் போட்ட ஒரு மனுசன் எங்கட ஊரில்தான் இருந்தார். 1892இல் காரைதீவில் பிறந்து, கல்லடி உப்போடையில் அடக்கமாகி இருக்கிற சுவாமி விபுலானந்தர். அவரை நாங்கள் சிலையாக்கி, மாலை போட்டு, தமிழ்த் தினப் போட்டிப் பேச்சுக்குத் தலைப்பாக்கி வைத்திருக்கிறோம். அவர் விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞான ஆசிரியர் என்பதை அந்தப் பேச்சுகளில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் ஆனவர். 1926இல் சேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்த 'மதங்க சூளாமணி'யை எழுதியவர். 1930களில் சென்னையில் விஞ்ஞானக் கலைச்சொற்கள் ஆக்கிய முயற்சியில் தலைமை இடத்தில் இருந்தவர். கடைசியில் 1947இல் 'யாழ் நூல்'. அது வெளிவந்த சில வாரங்களிலேயே கண்ணை மூடினார். விஞ்ஞானம், நாடகம், இசை மூன்றும் ஒரே தலைக்குள்.

யாழ் நூலை எடுத்து விரித்தால் கணக்குப் புத்தகம் போல இருக்கும். பலர் பயந்து மூடிவிடுகிறார்கள். ஆனால் அதில் நடமாடுகிற சொற்கள் எங்களுக்குத் தெரிந்தவைதான், வேறு உடுப்பில் நிற்கின்றன. பழந்தமிழ் இசையின் ஏழு சுரங்களின் பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். கைக்கிளை என்றால் ஓ.எல். தமிழ் படித்தவர்களுக்கு ஒருதலைக் காதல். இங்கே அது மூன்றாவது சுரம். தாரம் மனைவி, இங்கே ஏழாவது சுரம். உழை என்றால் பாடுபடு, இங்கே நாலாவது. இந்த ஏழுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 அலகுகள். கூட்டினால் 22. அலகு என்றால் விஞ்ஞான வகுப்பில் மீற்றர், கிலோகிராம். விடைக்குப் பின்னால் அதை எழுதாவிட்டால் புள்ளி வெட்டுவார்கள். வாவிக்கரைக் கொக்குக்கு அது மீன் கொத்துகிற சொண்டு. யாழிலே அது சுரங்களுக்கு இடையிலான இடைவெளியை அளக்கிற சின்ன அளவு. நரம்பு என்றால் யாழில் கட்டிய தந்தி, உயிரியலில் மூளைச் செய்தி போகிற பாதை. இரண்டிலும் ஒரு முனையில் தொட்டால் மறுமுனைக்குத் தெரிகிறது. பாலை என்றால் காதலர் பிரிகிற வறண்ட நிலம், காலம் வந்தால் வீதியோரத்தில் வைத்து விற்கிற மஞ்சள் பழத்தின் மரம், செம்பாலை முதலான ஏழு பாலைகள் என்றால் சுர வரிசைகள்.

ஒரு சொல்லுக்கு இத்தனை கருத்து இருந்ததால் விபுலானந்தருக்கு ஒரு தடையும் வரவில்லை. எந்த அறைக்குள் நின்று கதைக்கிறோம் என்று முதலில் சொல்லிவிட்டுக் கதைத்தார், அவ்வளவுதான்.

கூத்துக் களரிக்கு வாருங்கள். அங்கே வரவு என்பது ஒரு பாத்திரம் முதன்முதல் களரிக்குள் வருவது. அரசனுக்கு ஒரு வரவு, பறையறைவோனுக்கு வேறொரு வரவு. தாளக்கட்டும் ஆட்டமும் ஆளைப் பொறுத்து மாறும். பள்ளிக்கூடத்தில் வரவு என்றால் இடாப்பில் ஒரு கோடு, பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம். மோடி என்றால் பாணி, அதனால்தான் வடமோடி, தென்மோடி. இன்றைக்கு இணையத்தில் மோடி என்று தேடினால் வருகிற ஆள் வேறு, அவருக்கும் தாளக்கட்டு உண்டு, அதை விடுவம். எங்களுக்கு மனம் நோகிறது கூத்து என்ற சொல்லைப் பற்றித்தான். சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் "என்ன கூத்து இது", "கூத்தடிக்கிறாங்கள்" என்று அது ஒரு நையாண்டிச் சொல். அதே சொல்லை இங்கே ஒரு அண்ணாவியார் மாதக் கணக்கில் பழக்கி, சதங்கை அணிவித்து, விடிய விடிய ஆட வைக்கிறார். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். அவரின் மாணவர் சி. மௌனகுரு அதை ஆடியும் ஆராய்ந்தும் வாழ்நாளைச் செலவிட்டார். இவ்வளவுக்குப் பிறகும், ஊரில் ஒரு பொடியன் "நான் கூத்தாடப் போறன்" என்றால் சிரிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்தச் சிரிப்பை இந்த ஊர் எங்கிருந்து பழகியது என்று யோசிக்க வேணும்.

எல்லாச் சொல்லும் இப்படி அழகாக இரண்டு அறைக்குள் இருந்துவிடாது. இயக்கம் என்ற சொல்லைப் பாருங்கள். பாடநூலில் நியூற்றனின் இயக்க விதிகள். படம் முடிந்து எழுத்து ஓடும்போது 'கதை, திரைக்கதை, இயக்கம்'. ஆனால் எங்கட அம்மம்மாமாரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அவர்கள் முதலில் கதவைப் பார்க்கிறார்கள். "அவன் இயக்கத்துக்குப் போயிற்றான்" என்ற வசனம் எந்த வீட்டில் என்ன பொருளில் சொல்லப்பட்டது என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2009க்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகள் இயக்கம் என்றால் நியூற்றனையும் ஒரு இயக்குநரையும் மட்டும்தான் நினைக்கிறார்கள். அது நல்லதா, இழப்பா என்று எங்களுக்குள்ளேயே வாதம் உண்டு. ஒன்று மட்டும் உறுதி. வகுப்பில் அந்தச் சொல் வரும்போது பின்வாங்கில் எழும்புகிற சின்னச் சிரிப்பை அதட்டி அடக்குகிற ஆசிரியரை விட, ஒரு நிமிசம் நின்று "ஓம், இந்தச் சொல்லுக்கு எங்கட ஊரில இன்னொரு கதையும் இருக்கு" என்று சொல்கிற ஆசிரியர்தான் எங்களுக்கு வேணும்.

கடைசியாக, எங்கட ஊருக்கே பட்டம் கொடுத்த சொல், பாட்டு. மீன் பாடும் தேன் நாடு. வரவேற்பு வளைவில், கடைப் பெயர்ப்பலகையில், வானொலி அறிவிப்பாளர் வாயில், ரீல்ஸில், எல்லா இடத்திலும் மீன் பாடுகிறது. ஆனால் இந்தச் சொல் எப்படி வந்தது? 1859இல் வெளிவந்த தன் நூலில் எமர்சன் ரெனன்ட், நிலா இரவில் தோணியில் போய் இந்த வாவியில் தான் கேட்ட ஒலியை எழுதினார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் வருகிற மாதிரியான மெல்லிய ஒலிகள் என்றார். மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனை அல்ல, ஊரியை. அதன் பெயருக்கு அவர் எழுதிக்கொண்ட கருத்தும் பாடுவது அல்ல, அழுவது. அழுகிற ஊரி பாடுகிற மீனாக மாறியது எங்கட ஊரின் மிகப் பெரிய சொல் மாற்றம். 1950களில் ஜேசு சபைப் பாதிரியார் லாங் அந்த ஒலியைப் பதிவுசெய்து, அது வானொலியிலும் போனது. மீனா ஊரியா என்ற வாதம் இன்னும் முடியவில்லை.

பாட்டு என்பது கவிதைக்குத்தான், விஞ்ஞானத்துக்கு ஆகாது என்று நினைத்தால் அதுவும் பிழை. 1971இல் ரோஜர் பெயினும் ஸ்கொட் மக்வேயும் கூனல் முதுகுத் திமிங்கிலங்களின் ஒலிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே பாட்டு என்ற சொல் இருந்தது. ஆனால் வரையறையோடு வைத்தார்கள்: பல வகை ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாக, அடையாளம் காணக்கூடிய ஒழுங்கில் வர வேணும். அதற்கு முதல் வருடம் அந்தப் பாட்டுகள் இசைத்தட்டாகவும் வந்தன. திமிங்கில வேட்டைக்கு எதிராக ஜனங்கள் திரும்பியதில் அந்தத் தட்டுக்குப் பெரிய பங்குண்டு. கலிபோர்னியாவில் சௌசலிற்றோ என்ற ஊரில் படகு வீடுகளில் இருந்தவர்களின் நித்திரையை 1980களில் ஒரு மீன் கெடுத்தது. பெண் மீனைக் கூப்பிட ஆண் மீன் காற்றுப்பையைச் சுற்றியுள்ள தசையை அதிரவைத்து இரவு முழுக்க ரீங்காரம் போடுகிறது என்று ஆராய்ச்சி சொன்னது. காரணம் தெரிந்த பிறகு அந்த ஊர் அந்த மீனுக்கு விழாவும் எடுத்தது.

நாங்கள் வளைவு கட்டினோம். காதை வைத்துக் கேட்டோமா?

வாவி ஆட்களுக்கு அதற்கு வழி தெரியும். தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு வைப்பார்கள். நீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1500 மீற்றர் ஓடும், ஆனால் நீரில் இருந்து காற்றுக்கு ஏறும் இடத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும். துடுப்பு அந்த எல்லையைத் தாண்டி ஒலியை நேரே காதுக்குக் கொண்டுவருகிறது. ஏ.எல். பாடத்தில் வருகிற விசயம்தான். இன்றைக்கு நீருக்குள் போடுகிற ஒலிவாங்கியை ஒரு பள்ளிக்கூட விஞ்ஞான மன்றம் காசு சேர்த்து வாங்கலாம். கல்லடிப் பாலத்துக்குக் கீழே பூரணையிலும் அமாவாசையிலும் ஒரு வருடம் பதிவுசெய்து, மீடிறனை அளந்து, ஒழுங்கு இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒழுங்கு இருந்தால் அது பாட்டு. இல்லாவிட்டால் அந்த மீனவர்கள் வைத்த பெயரைத் திரும்ப எடுக்கலாம். சங்கீதம் படிக்கிற ஒருவரும், பௌதிகம் படிக்கிற ஒருவரும், தோணி வலிக்கத் தெரிந்த ஒருவரும் வேணும். எங்களிடம் முதல் இரண்டு பேர் இருக்கிறார்கள்.