மாமரத்துக்குப் பெரிய எழுத்து



போன வாரம் பேத்தியின் ஆங்கில நோட்டைப் புரட்டினேன். ஆறாம் வகுப்பு. மரம் காமன் நவுன், மாமரம் ப்ராப்பர் நவுன் என்று எழுதி, மாமரத்துக்கு முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகவும் போட்டிருந்தாள். மேலே சிவப்பு மையில் இன்ட்டு. ஏன் தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. 30 வருடத்துக்கு முன் இதே தப்புக்காக ஒரு பையனை முட்டி போட வைத்தவன் நான். "சார், காலையில தமிழ்ப் பாடத்துல நீங்கதானே மா சிறப்புப்பெயர்னு சொன்னீங்க?" என்று கேட்டான். எதிர்த்துப் பேசுகிறான் என்று நினைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் கேள்வியே கேட்கவில்லை.

அவன் சொன்னது உண்மை. நன்னூல் வழி வந்த நம் இலக்கணத்தில் மரம் இடுகுறிப் பொதுப்பெயர். மா, பனை இடுகுறிச் சிறப்புப்பெயர். பறவை காரணப் பொதுப்பெயர். மரங்கொத்தி காரணச் சிறப்புப்பெயர். இங்கே சிறப்பு என்றால் பெரிய வகைக்குள் அடங்கும் சிறு வகை. ஆங்கிலக் கணக்கு வேறு. மரம், மாமரம், மரங்கொத்தி எல்லாமே காமன் நவுன்தான். அன்று மதியம் கரும்பலகையில் ப்ராப்பர் நவுன் என்றால் சிறப்புப்பெயர் என்று எழுதிப் போட்டது நான். காலையில் சொன்னதையும் மதியம் சொன்னதையும் அந்தப் பிள்ளை சேர்த்துப் பார்த்தான். அவ்வளவுதான்.

ஆகவே என் கருத்து இது. ப்ராப்பர் நவுனுக்குச் சிறப்புப்பெயர் என்று மொழிபெயர்ப்பதை விட்டுவிடுவோம். "இந்த ஒன்றுக்கென்று யாராவது பேர் வைத்தார்களா?" என்று கேட்கச் சொல்லுவோம். மாடு காமன் நவுன். உங்கள் வீட்டு மாட்டை லட்சுமி என்று கூப்பிட்டால், அந்த லட்சுமி ப்ராப்பர் நவுன். வகுப்பில் மூன்று லட்சுமிகள் இருந்தாலும் ஒவ்வொருத்திக்கும் வீட்டில் தனியாக வைத்த பேர்தானே? ஆறு காமன், காவிரி, திருமணிமுத்தாறு ப்ராப்பர். சேலம் மாம்பழம் என்று ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். ஊருக்குப் பெரிய எழுத்து, பழத்துக்குச் சின்ன எழுத்து. நாமக்கல் முட்டைக்கும் அதே கதைதான்.

"பெரிய எழுத்தில் தொடங்கினால் ப்ராப்பர் நவுன்" என்று குறுக்கு வழி சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. அப்படியானால் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லும் ப்ராப்பர் நவுன் ஆகிவிடுமே! தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. நம் பிள்ளைகளுக்கு முதலில் பொருள் புரிய வேண்டும். எழுத்து அதற்குப் பின்னால் வரும்.

இப்படி விளக்கிக்கொண்டிருந்தால் போர்ஷன் முடியாது என்பீர்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். பேத்திக்குப் புரிய வைக்கப் பத்து நிமிடம்தான் ஆனது.

என்னிடம் படித்து இன்று ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நன்றாகப் படிக்கிற பிள்ளை தப்பாக எழுதினால், இன்ட்டு போடும் முன் "ஏன் இப்படி எழுதினே?" என்று கேளுங்கள். பல நேரம் அந்தப் பதிலில் நாம் நடத்திய பாடமே இருக்கும்.

அந்தப் பையன் இதைப் படித்தால், கண்ணு, நீ கேட்டது சரியான கேள்வி. தப்பு என்னுடையது.

அன்புடன்,
உங்கள் சார்