ஒளிநாடாவும் ஏடு பெயர்த்தெழுதுதலும்

தொண்ணூறுகளில் நம் சிற்றூர்களில் நடந்த இலக்கியக் கூட்டங்களுக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். மேடைக்கு எதிரே முக்காலியின்மேல் ஒரு வீடியோ கேமரா நிற்கும். அமைப்பாளரின் உறவினர் எவரேனும் அதன் பின்னால் நின்றிருப்பார். அக்கூட்டங்களை ஒட்டி மலர்கள் வந்தன; சில கட்டுரைகள் நூல்களிலும் ஏறின. ஒளிப்பதிவு என்னவாயிற்று என்று கேட்டால் மட்டும் ஒரே விடைதான் கிடைக்கிறது: "கேசட் பரண்மேல் இருக்கிறது, போட்டுப் பார்க்கக் கருவி இல்லை."

இந்த விடையை இனியும் நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதே இங்கே சொல்ல வருவது.

ஓலைச்சுவடியோடு ஒப்பிட்டால் ஒளிநாடாவின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சுவடியில் எழுத்து கண்ணுக்குத் தெரியும். செல்லரித்த ஏட்டிலும் எஞ்சிய வரியைப் படித்துவிடலாம். நாடாவிலோ கண் காணக்கூடியது எதுவுமில்லை. அதில் இருப்பது காந்தத் துகள்களின் வரிசை. அதைப் படிக்கவல்ல கருவி இல்லாமற்போனால் நாடா நன்றாக இருந்தும் பயனில்லை. உலகில் வி.ஹெச்.எஸ். கருவிகளைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016ஆம் ஆண்டு உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015ஆம் ஆண்டிலேயே, காந்த நாடாக்களைக் காப்பாற்ற 2025ஐக் கெடுவாகக் குறித்து எச்சரித்திருந்தது. அந்தக் கெடுவும் வந்துவிட்டது.

அண்மையில் நண்பர்கள் சிலராகச் சேர்ந்து, 1993ஆம் ஆண்டு நடந்த ஒரு கருத்தரங்கின் மூன்று எட்டு மில்லிமீட்டர் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்ற முனைந்தோம். இவ்வகைக் கேசட்டுகள் வீட்டு வி.சி.ஆரில் நுழையா. படம்பிடித்த கேமராவேதான் அவற்றை ஓட்டும் கருவியும். ஆகவே பழைய கேமராவைப் பழைய இரும்புக்குப் போட்டவர், அறியாமலே கேசட்டுகளின் சாவியையும் போட்டுவிட்டார் என்றே கொள்ளவேண்டும். எங்களுக்குக் கேமரா கிடைத்தது, பேட்டரி செத்திருந்தது, மின்சாரத்தில் ஓடியது.

இணைப்பு வேலை அஞ்சத்தக்கதன்று. கேமராவிலிருந்து வரும் மஞ்சள் செருகி படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. பழைய கேமராக்கள் பலவற்றில் ஒலி ஒற்றைத் தடமாதலால் சிவப்பு இராது. ஹை8 வகையாயின் எஸ்-வீடியோ துளையும் இருக்கும். ஒளியையும் வண்ணத்தையும் தனித்தனிக் கம்பியில் அனுப்புவதால் அதில் படம் தெளிவு. மடிக்கணினியில் உள்ள ஹெச்.டி.எம்.ஐ. துளையில் இவற்றை எப்படியாவது சேர்த்துவிடலாம் என்று முதலில் நாங்களும் எண்ணினோம். பெரும்பாலான மடிக்கணினிகளில் அத்துளை படத்தை வெளியே அனுப்புவதற்கே உரியது; உள்ளே வாங்காது. வேண்டியது, கேமராவின் தொடரலையை எண்களாக மாற்றி யு.எஸ்.பி. வழியே கணினிக்குத் தரும் ஒரு சிறு மாற்றி. மென்பொருளில் 'பால்' முறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நம் நாட்டு நாடாக்கள் 625 கோடுகளும் நொடிக்கு 25 சட்டங்களும் கொண்டவை. அமெரிக்க 'என்.டி.எஸ்.சி.' முறையில் விட்டுவைத்தால் படம் நிறமிழந்து உருளும். நாடா கெட்டுவிட்டதென்று நாம் கைவிட்டுவிடுவோம். டிஜிட்டல் வீடியோ என்ற வடிவில் சேமித்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜி.பி. இடம் பிடிக்கும். இன்றைய வன்தட்டுகளுக்கு இது பெரிதன்று.

பெரிது நேரம். தொண்ணூறு நிமிடக் கேசட்டைப் பெயர்க்கத் தொண்ணூறு நிமிடமும் ஆகும். விரைவுபடுத்த வழியே இல்லை. இதைக் குறையென்றே பலர் கருதுவர். நாம் அப்படிக் கருதவில்லை. ஏடு பெயர்த்தெழுதியவனும் ஒவ்வோர் எழுத்தையும் கடந்தே சென்றான். ஓடும் நாடாவின் முன் அமர்ந்து, பேசுபவர் யார், கேள்வி கேட்பவர் யார், எத்தனையாவது நிமிடம் என்று குறித்துக்கொள்ள வேண்டியவர் இலக்கியம் அறிந்தவரே. அந்த முகங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள்.

இந்த வேலையைப் பிறரிடம் விட்டால் நேர்வதற்கும் எங்களிடம் சான்றுண்டு. இதே கருத்தரங்கை முன்னமே ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துக் குறுந்தட்டாக்கியிருந்தனர். அதில் உரைகள் இருந்தன. பின்னர் நடந்த கலந்துரையாடல் இல்லை. மங்கலான படம், இருமல், நாற்காலி ஓசை ஆகியவற்றைத் தேவையற்ற பகுதியென்று வெட்டியிருக்கிறார்கள். அவர்கள்மீது குற்றமில்லை, கல்யாண வீடியோவில் அதுதானே முறை. மூல நாடாவில் அந்தப் பகுதி இருந்தது. சிலப்பதிகாரத்தின் காலம் பற்றி அன்று உரையாற்றிய பேராசிரியர், அச்சான கட்டுரையில் தம் முடிவை ஐயத்துக்கிடமின்றி நிறுவியிருக்கிறார். நாடாவிலோ, பின்வரிசையிலிருந்து எழுந்த முதியவர் ஒருவரின் கேள்விக்குச் சற்று மௌனமாக இருந்துவிட்டு, "ஐயா சொல்வதையும் பார்க்கவேண்டும்; நான் இன்னும் முடிவு செய்யவில்லை" என்கிறார். பிற்காலத்தில் எங்களுக்கு வகுப்பெடுத்த அவரை நாங்கள் அசையாத மனிதர் என்றே அறிந்திருந்தோம். அவர் இப்போது இல்லை. அவருடைய ஐயத்துக்கு அந்த நாடாவைத் தவிர வேறு சான்றும் இல்லை.

மூன்றாவது கேசட்டைத் திறந்தபோது நாடாச் சுருளின் ஓரத்தில் வெண்பொடி படிந்திருந்தது. பூஞ்சை. அதை ஓட்டினால் கேமராவின் படிப்புமுனை அடைபடும். அடுத்த நாடாவுக்கும் தொற்றும். வைத்துவிட்டோம். மாலை அமர்வு முழுவதும் அதில்தான் இருக்கிறது. தக்க கருவியுள்ளோர் தூய்மை செய்தால் ஒருவேளை மீளலாம். ஐந்தாண்டுகளுக்கு முன் எடுத்திருந்தால் இந்த 'ஒருவேளை' தேவைப்பட்டிராது.

அச்சிட்டதைக் காக்க நாம் ஓரளவு கற்றிருக்கிறோம். மதுரைத் திட்டம் 1998 முதலும், ஈழத்து நூலகம் திட்டம் 2005 முதலும் தன்னார்வலர்களின் உழைப்பாலேயே வளர்ந்தன. பேச்சுக்கு அத்தகைய கவனம் இன்னும் நம்மிடம் வரவில்லை. அரசோ பல்கலைக்கழகமோ செய்யட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. பரண் நம் வீட்டில் இருக்கிறது. கேசட்டை இறக்குங்கள். அழியாமலிருக்கப் பதிவுத்தடைத் தாழை நகர்த்திவையுங்கள். வெண்பொடி இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவை எவருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மாற்றிய கோப்பை வெட்டாமல், இருமலோடும் நாற்காலி ஓசையோடும் அப்படியே இரண்டு இடங்களில் வையுங்கள்.

பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காப்பாற்றிய மரபு நம்முடையது. ஓர் அறிஞர் தயங்கிய அந்தச் சில நொடிகளும் பாடவேறுபாடுதானே?