வாழை கருகுவது கதிர்வீச்சாலா, சோடியத்தாலா?

கேள்வி: ஆந்திராவில் யுரேனியம் சுரங்கத்தை ஒட்டிய தோட்டங்களில் வாழை கருகுகிறது என்கிறார்களே, அது கதிர்வீச்சின் வேலையா? இப்படிப்பட்ட சுரங்கம் வருவதை விவசாயிகள் தடுக்க முடியாதா? (வேலூர் மாவட்ட வாசகர் ஒருவர்)

பதில்: கேள்வியில் உள்ள இடம் கடப்பா மாவட்டம் புலிவெந்துலா அருகே உள்ள தும்மலபள்ளே. மத்திய அரசின் யுரேனியம் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா நிறுவனத்துக்கு 2007-ல் ஒப்புதல் கிடைத்து, 2012-ல் சுரங்கமும் ஆலையும் ஓடத் தொடங்கின. ஒரு டன் தாதுவில் 400 கிராம் யுரேனியம் தேறினாலே அதிகம். மற்றதெல்லாம் சேறாகக் கழிவுக் குட்டைக்குப் போகிறது.

ஜார்க்கண்ட் மாநிலம் ஜாதுகுடாவில் தாதுவை அமிலத்தில் கரைக்கிறார்கள். தும்மலபள்ளே பாறையோ டோலமைட் கலந்த சுண்ணாம்பு வகை. அமிலம் விட்டால் பாறையே அதைக் குடித்து முடித்துவிடும். எனவே சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கொண்டு கரைக்கிறார்கள். கழிவோடு சோடியம் உப்புகளும் குட்டைக்குப் போகின்றன. களர் நிலத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

குட்டையை ஒட்டிய கொட்டாலா முதலிய ஊர்களின் புகாரும் அதுதான்: போர்வெல் தண்ணீர் கெட்டது, மண்ணில் வெள்ளை பூத்தது, வாழை கருகியது. வாழை உப்புத் தாங்காத பயிர். முதலில் இலை ஓரம் தீய்ந்து காட்டும். இந்த அறிகுறிக்குக் கதிர்வீச்சைத் தேட வேண்டாம், சோடியமே போதும். கதிர்வீச்சு என்று மட்டும் கூச்சலிட்டால் நிறுவனம் கதிர்வீச்சுக் கருவியைக் காட்டிவிட்டுப் போய்விடும். கேட்க வேண்டியது தண்ணீரின் உப்புக் கணக்கு. குட்டைக்கு அடியில் கசியாத விரிப்பு விதிப்படி போடப்பட்டதா என்பதே அங்கே பெரிய சர்ச்சை. நிலத்தடி நீரில் உள்ள யுரேனியம் இயற்கையானது என்கிறது நிறுவனம். பைகார்பனேட் மிகுந்த நீர் பாறையிலிருந்து யுரேனியத்தைத் தானாகவே கரைக்கும் என்பதும் உண்மைதான். சுரங்கத்துக்கு முந்தைய கிணற்று நீர் அறிக்கை விவசாயியிடம் இல்லாவிட்டால் இந்த வழக்கு எளிதில் தீராது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். தடுத்திருக்கிறார்கள். நாகார்ஜுனசாகர் அணைக்கு அருகே லம்பாபூர், பெத்தகட்டு திட்டத்துக்கு 2003-ல் நடந்த கருத்துக்கேட்பில் கடும் எதிர்ப்பு எழுந்தது, திட்டம் நகரவில்லை. அம்ராபாத் புலிகள் காப்பகத்தில் யுரேனியம் தேட 2019-ல் மத்திய வன ஆலோசனைக் குழு கொள்கை அளவில் இசைந்தது. செஞ்சு பழங்குடிகளில் தொடங்கி எதிர்ப்பு ஊரெங்கும் பரவ, அதே ஆண்டு செப்டம்பரில் தெலங்கானா சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் போட்டது.

ஆனால் 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணு கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்தே விலக்கு அளித்தது. அதைத் திரும்பப் பெறச் சொல்லித் தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தின் மணல் தாதுத் திட்டமும் இந்த வகையில்தான் வருகிறது. விவசாயி பேசக் கிடைத்த ஒரே மேடையை எடுத்துவிட்டு எதை விரைவுபடுத்தப் போகிறார்களோ!

சுரங்கப் பேச்சு அடிபடும் ஊர்க்காரர்கள் இப்போதே தண்ணீரைப் பரிசோதித்து வைக்கலாம். மோட்டாரைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, மறுநாளுக்குள் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்க வேண்டும். உப்பின் அளவு, கார அமில நிலை, சோடியம், எஞ்சிய சோடியம் கார்பனேட் ஆகியவற்றைக் கேட்டு வாங்கவும். கடைசியாகச் சொன்னது லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலன்டைத் தாண்டினால் அந்த நீர் பாசனத்துக்கு ஆகாது. ஜிப்சம் இட்டுத்தான் சமாளிக்க வேண்டும். யுரேனியத்தை அங்கே பார்க்க மாட்டார்கள், அதற்குத் தனி ஆய்வகம் வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு; கொதிக்க வைத்தால் அது போகாது. அறிக்கையில் சர்வே எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளவும்.